அறுவைக் காயத்துக்கு முதிய உடல் எப்படி எதிர்வினை செய்கிறது?

பெருங்குடல் புற்றுநோய்க்காகக் குடலின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து, மீதியைத் தைத்து இணைத்து இரண்டு நாள் கழிந்திருக்கிறது. மூன்றாம் நாள் காலையில் இரண்டு நோயாளிகளின் இரத்தப் பரிசோதனை முடிவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதம் லிட்டருக்கு 160 மில்லிகிராம். எண்பது வயதுக்காரருக்கு 110. இருவருக்கும் ஒரே அறுவை, ஒரே மருத்துவக் குழு. முதியவரின் உடல் நன்றாகத் தேறுகிறது என்பதால் அளவு குறைவா? காயத்துக்கு எதிர்வினை காட்டும் வலு அந்த உடலுக்கு இல்லை என்பதால் குறைவா? அல்லது இளையவருக்கு இறங்கத் தொடங்கும்போது முதியவருக்கு அது இன்னும் ஏறிக்கொண்டிருக்குமா?

ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளாக இதற்கு விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. முதுமை அழற்சியைக் குறைக்கிறது என்றார்கள். பிறகு கூட்டுகிறது என்றார்கள். அண்மைக்காலமாக, அது அடங்கும் நேரத்தை நீட்டிக்கிறது என்கிறார்கள். மூன்றுக்கும் ஆதாரம் உண்டு, மூன்றிலும் ஓட்டை உண்டு. புற்றுநோய் பெரும்பாலும் முதுமையில் வரும் நோய். உறுப்புகளில் கட்டியாக வளரும் புற்றுக்கு அறுவைதான் இன்றும் முதன்மைச் சிகிச்சை. ஆகவே எண்பது வயதில் கத்திக்குக் கீழே போகிறவரின் உடலுக்குள் நடப்பதை ஐம்பது வயதுக்காரரின் அளவுகோலால் படிப்பது சரியா என்ற கேள்வி நோயாளியின் படுக்கையருகே அன்றாடம் எழுகிறது.

எலும்பு முறிவில் தொடங்கிய ஆய்வு

காயத்துக்கு உடல் முழுவதும் எதிர்வினை செய்கிறது என்பதை முறையாக அளந்தவர் கிளாஸ்கோவைச் சேர்ந்த டேவிட் கத்பர்ட்சன். கால் எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரில் வெளியேறும் நைட்ரஜனை 1930களின் தொடக்கத்தில் அவர் அளந்தபோது, முறிந்த இடத்தின் சேதத்தால் மட்டும் விளக்க முடியாத அளவுக்கு அது அதிகமாக இருந்தது. உடல் தன் தசைகளையே கரைத்துக்கொண்டிருந்தது. காயத்துக்குப் பின் முதல் ஓரிரு நாள் உடல் அடங்கிக் கிடக்கிறது, அதன்பின் வளர்சிதை மாற்றம் வேகமெடுத்துப் பல நாள் தொடர்கிறது என்ற இருகட்ட விளக்கத்தை 1942இல் அவர் முன்வைத்தார். பாஸ்டன் அறுவை மருத்துவர் பிரான்சிஸ் மூர் 1959இல் வெளியிட்ட பெருநூல் இந்தப் பார்வையை அறுவை அரங்குக்குக் கொண்டுவந்தது.

தசைக்கட்டுள்ள இளைஞர்களிடமே இந்த இழப்பு பெரிதாகத் தெரிந்தது. வயதானவர்கள், மெலிந்தவர்களிடம் சிறிதாகவே தெரிந்தது. முதிய உடல் காயத்துக்கு மந்தமாகவே எதிர்வினை செய்யும் என்ற முதல் விடை இங்கிருந்து வளர்ந்தது எனலாம். அதன் குறை வெளிப்படையானது. சிறுநீர் நைட்ரஜன் கரையும் தசையின் அளவைச் சொல்கிறது. கரைய அதிகமில்லாத உடலில் அது குறைவாகத்தான் இருக்கும். அழற்சியின் வேகத்தை அதை வைத்து ஊகித்தது ஒரு தாவல்.

இரத்தத்தில் அளக்க முடிந்தபோது

நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் 1930இல் வில்லியம் டில்லட்டும் தாமஸ் பிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்ட புரதம்தான் சி.ஆர்.பி. கல்லீரல் இதைச் சுரக்கிறது. சுரக்கச் சொல்லும் சமிக்ஞைகளில் முதன்மையானது இன்டர்லூகின்-6. அதன் மரபணுவை 1986இல் ஒசாகாவில் தடாமிட்சு கிஷிமோட்டோ, தோஷியோ ஹிரானோ குழுவினர் பிரித்தெடுத்தனர். அறுவைக்குப் பின் முதல் ஒரு நாளுக்குள் இன்டர்லூகின்-6 உச்சம் தொடும், சி.ஆர்.பி. இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சம் தொடும். சி.ஆர்.பி.யின் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம். ஆகவே தூண்டுதல் நின்றால் அளவு மளமளவென்று இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் உள்ளே ஏதோ இன்னும் தூண்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

எது தூண்டுகிறது என்பதும் மெல்லத் தெளிவானது. கிருமியே இல்லாவிட்டாலும் சிதைந்த உயிரணுக்களிலிருந்து கசியும் பொருட்களே உடலின் காவல் அமைப்பை எழுப்பப் போதும். மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. இரத்தத்தில் கலந்தாலே கிருமி நுழைந்ததுபோல் உடல் எதிர்வினை செய்கிறது என்பதை 2010இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கத்தி எவ்வளவு திசுவைச் சிதைக்கிறதோ அவ்வளவு தூண்டுதல். 2015இல் கிளாஸ்கோ குழு ஒன்று அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அறுவையின் பெருமை சிறுமைக்கு ஏற்பச் சீராக ஏறி இறங்கியவை இன்டர்லூகின்-6, சி.ஆர்.பி. இரண்டும்தான். வெள்ளணு எண்ணிக்கை அப்படி நம்பகமாக நடந்துகொள்ளவில்லை.

ஓயாமல் கனலும் அழற்சி

இரண்டாம் விடை முதுமையியலிலிருந்து வந்தது. இத்தாலியின் கிளாடியோ பிரான்செஸ்கி 2000ஆம் ஆண்டில், வயது ஏறஏற உடலில் மெல்லிய அழற்சி ஒன்று ஓயாமல் நிலைத்துவிடுகிறது என்ற கருத்துக்கு வடிவம் கொடுத்தார். வெளிப்படையான நோய் எதுவும் இல்லாத முதியவர்களிடமும் இன்டர்லூகின்-6 சற்றே உயர்ந்திருப்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. பிரிவதை நிறுத்திவிட்ட, ஆனால் சாகாத மூப்புற்ற உயிரணுக்கள் அழற்சிப் பொருட்களைத் தொடர்ந்து கசியவிடுகின்றன என்று 2008இல் ஜூடித் கேம்பிசியின் குழு காட்டியது இதற்கு உயிரணு மட்டத்தில் ஒரு விளக்கம் தந்தது. வயதோடு கூடும் வயிற்றுக் கொழுப்பும், குடல் சுவரின் தளர்வும் சேர்ந்துகொள்கின்றன.

ஏற்கெனவே கனலும் உடலில் அறுவை என்ற புதுத் தூண்டுதல் விழுந்தால் அழற்சி மிகையாகத்தானே இருக்கும்? வயதான எலிகளுக்குப் பாக்டீரியா நச்சைச் செலுத்திய சோதனைகள் பலவற்றில் அப்படித்தான் நடந்தது. குறிப்பாக மூளையில் அழற்சி இளம் எலிகளைவிடக் கடுமையாகவும் நீண்டும் இருந்தது.

இந்த வாதம் பலராலும் ஏற்கப்படுகிறது. ஆனால் அளவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தயக்கம் வருகிறது. நலமாக உள்ள முதியவருக்குச் சி.ஆர்.பி. பெரும்பாலும் 10 மில்லிகிராமுக்குள் அடங்கும். பெரிய வயிற்று அறுவைக்குப் பின் அது 100ஐத் தாண்டுவது வழக்கம். தொடக்கத்தில் உள்ள சில மில்லிகிராம் வேறுபாடு உச்சத்தை நேரடியாக உயர்த்திவிடாது. எப்போதும் ஓரளவு தூண்டப்பட்டே இருக்கும் அணுக்கள் புதுத் தூண்டுதலுக்குச் சோர்வாகவும் எதிர்வினை செய்யலாம். அடிப்படை நிலை ஒரு கேள்வி, எதிர்வினை வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசியதே இந்தத் துறையின் பெருங்குழப்பம் என்பது என் கணிப்பு.

தொடங்குவதில் தாமதமா, முடிவதில் தாமதமா?

மூன்றாம் விடைதான் எனக்கு மிகவும் வலுவானதாகப் படுகிறது. அழற்சி தானாக ஓய்வதில்லை, அதை உடல் முனைந்து முடித்துவைக்க வேண்டும் என்ற புரிதலிலிருந்து அது பிறக்கிறது.

கோபன்ஹேகனில் நலமான முதியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் மிகச் சிறிய அளவில் பாக்டீரியா நச்சைச் செலுத்தி அவதானித்தார்கள். 2001இல் வெளியான அந்த ஆய்வில் முதியவர்களின் காய்ச்சல் இறங்க அதிக நேரம் பிடித்தது. அதைவிடக் கூர்மையானது, லண்டனில் அர்னே அக்பர், டெரெக் கில்ராய் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு. ஒருவகை வண்டிலிருந்து கிடைக்கும் கொப்புள மருந்தை முன்னங்கைத் தோலில் வைத்தார்கள். சிறு கொப்புளம் எழுந்தது. அதற்குள் சேரும் நீரை எடுத்து, வந்து குவிந்த அணுக்களை நாள்வாரியாக எண்ணினார்கள். நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் வந்து சேர்ந்த வேகத்தில் இளையோருக்கும் 65 வயது கடந்தோருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் மூன்றாம் நாளில் இளையோரின் கொப்புளம் அடங்கிவிட்டது. முதியோரின் கொப்புளத்தில் அழற்சி தொடர்ந்தது. காரணம், செத்த நியூட்ரோஃபில்களை விழுங்கி அகற்றும் மேக்ரோஃபேஜ்களிடம், அவற்றை அடையாளம் காணும் டிம்-4 என்ற புரதம் குறைந்திருந்தது. அந்தக் குறைவுக்குப் பின்னால் பி38 என்ற நொதியின் மிகைச் செயல்பாடு இருந்தது. அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரையை முதியவர்களுக்குக் கொடுத்தபோது, கொப்புளம் இளையோரைப்போல் அடங்கியது.

தொடக்கம் ஒன்றே, முடிவுதான் பிந்துகிறது என்றால் பழைய முரண் ஓரளவு அவிழ்கிறது. முதல் நாளில் அளந்த ஆய்வு வேறுபாடே இல்லை என்று சொல்லும். பத்தாம் நாளில் அளந்த ஆய்வு முதியோருக்கு மிகை என்று சொல்லும். ஆயினும் இது முன்னங்கையில் ஒரு கொப்புளம். நான்கு மணி நேர வயிற்று அறுவையையும், மயக்க மருந்தையும், இரத்த இழப்பையும், உள்ளே இருந்த புற்றையும் அது பிரதிபலிக்கும் என்று கொள்ள இன்னும் இடமில்லை. சோதனைக்கு வந்தவர்களும் நலமாக இருந்தவர்கள்.

ஒரே நேரத்தில் இரு திசை

கூடுகிறதா குறைகிறதா என்ற கேள்வியே அழற்சியை ஒரே ஒரு அளவாக எண்ணுகிறது. முதலில் அழற்சி கொழுந்துவிட்டு எரியும், பிறகு அதற்கு எதிரான அடக்கம் வரும் என்று 1990களில் ரோஜர் போன் வகுத்த வரிசை நீண்டநாள் செல்வாக்குடன் இருந்தது. கடுமையான விபத்துக் காயம் பட்டவர்களின் வெள்ளணுக்களில் மரபணுக்களின் செயல்பாட்டைப் படித்த 2011ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வு அதை அசைத்தது. உள்ளார்ந்த எதிர்ப்பு மரபணுக்கள் தூண்டப்பட்டதும், டி-அணுக்கள் சார்ந்த மரபணுக்கள் அடங்கியதும் முதல் சில மணி நேரத்திலேயே ஒருங்கே நடந்தன.

இங்கேதான் முதுமை இரண்டு பக்கமும் கைவைக்கிறது. தைமஸ் சுரப்பி சுருங்கிவிடுவதால் புதிய டி-அணுக்கள் அருகிப்போகின்றன. அறுவை அவற்றை மேலும் அடக்குகிறது. பர்மிங்காமில் ஜேனட் லார்டின் குழு 2014இல் காட்டியபடி, முதியோரின் நியூட்ரோஃபில்கள் வேகமாகவே நகர்கின்றன, ஆனால் இலக்கை நோக்கி நேராகப் போவதில்லை. வழிதவறிப் போகிறபோது நல்ல திசுவையும் சிதைக்கின்றன. கூடுதல் அழற்சியும் குறைந்த பாதுகாப்பும் ஒரே அணுவில் சேர்ந்திருப்பதை இது காட்டுகிறது. அதே குழு 2005இல், இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களிடம், எதிர்ப்பாற்றலை அடக்கும் கார்ட்டிசால் உயர்ந்தும், அதை ஈடுகட்டும் அட்ரீனல் ஹார்மோன் குறைந்தும் இருப்பதைக் கண்டது. அந்த விகிதம் மோசமாக இருந்தவர்களுக்கே தொற்றும் அதிகம் வந்தது.

வயது என்ற பெயரில் வருபவை

புற்றுநோயாளியின் உடலில் அறுவைக்கு முன்பே அழற்சி இருக்கிறது. கட்டிகளுக்குள் வெள்ளணுக்கள் இருப்பதை 1863இலேயே ருடால்ஃப் விர்ச்சோ கவனித்தார். கட்டி என்பது ஆறாத காயம் போன்றது என்ற கருத்தை 1986இல் ஹெரால்ட் டுவோராக் முன்வைத்தார். கிளாஸ்கோவில் டொனால்ட் மக்மில்லன் குழுவினர் சி.ஆர்.பி. 10 மில்லிகிராமுக்கு மேல், அல்புமின் 35 கிராமுக்குக் கீழ் என்ற இரண்டே அளவுகளைக் கொண்டு ஒரு மதிப்பெண் அமைத்தார்கள். அந்த எளிய மதிப்பெண் பல புற்றுநோய்களில் ஆயுளை முன்னறிந்து சொல்கிறது. ஆகவே எண்பது வயது நோயாளியின் அறுவைக்கு முந்தைய சி.ஆர்.பி. 15 என்றால், அதில் எவ்வளவு முதுமை, எவ்வளவு கட்டி என்று அந்த எண்ணிலிருந்து பிரித்தறிய முடியாது.

வயதைத் தனியே பிரித்துப் பார்க்க முயன்ற ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லாததற்குக் காரணங்கள் இந்தப் பின்னலில் இருக்கின்றன. அறுவை அரங்கு வரை வரும் முதியவர் தேர்ந்தெடுக்கப்பட்ட முதியவர். இதயமும் நுரையீரலும் தாங்கும் என்று மயக்க மருத்துவர் ஒப்புக்கொண்டவர். தாங்காதவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. அப்படி வருபவருக்கும் அறுவையைச் சற்றுச் சுருக்கிச் செய்வது வழக்கம். குடலை இணைக்காமல் வெளிவாய் வைத்துவிடுவதும், நிணநீர்க் கணுக்களைக் குறைவாக எடுப்பதும் நடக்கிறது. தூண்டுதல் சிறிதானால் சி.ஆர்.பி.யும் சிறிதாகும், அது வயதின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். மறுபக்கம், முதியோருக்குப் பெருங்குடலின் வலப்பக்கப் புற்று கூடுதலாக வருகிறது. இரத்தசோகை அதோடு சேர்ந்து வரும். உடல் பருமன் அறுவைக்குப் பின் சி.ஆர்.பி.யை உயர்த்தும். லேப்ராஸ்கோப் வழியே செய்தால் திறந்த அறுவையைவிட அது குறையும். ஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் விழுங்குவோர் முதியோரிடையே அதிகம், இரண்டுமே அழற்சியைத் தொடுபவை.

இதனால்தான் பல ஆய்வாளர்கள் வயதை விட்டு நலிவைப் பிடித்துக்கொள்கிறார்கள். லிண்டா ஃபிரீட் 2001இல் வகுத்த அடையாளங்கள் எளியவை. எடை இழப்பு, களைப்பு, பிடிவலுக் குறைவு, மெதுநடை, குறைந்த நடமாட்டம் ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் நலிவு. இவர்களிடம் இன்டர்லூகின்-6 உயர்ந்திருப்பது திரும்பத்திரும்பக் காணப்பட்டுள்ளது. ஆண்டுக்கணக்கைவிட நலிவே சிக்கல்களை நன்றாக முன்னறிகிறது என்பது இன்று பரவலான கருத்து. ஆனால் அழற்சி நலிவை உண்டாக்குகிறதா, நலிவு அழற்சியை உண்டாக்குகிறதா என்ற முடிச்சு அதிலும் இருக்கிறது. பெயரை மாற்றியதால் கேள்வி தீர்ந்துவிடவில்லை.

படுக்கையருகே அந்த எண்

பெருங்குடல் அறுவையில் மருத்துவர்கள் மிகவும் அஞ்சுவது தையல் இணைப்பு கசிவது. 2014இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று சி.ஆர்.பி.க்கு எல்லைகள் சொன்னது. மூன்றாம் நாள் 172, நான்காம் நாள் 124, ஐந்தாம் நாள் 144 மில்லிகிராம். அளவு இந்த எல்லைக்குக் கீழே இருந்தால் கசிவு இல்லை என்பதற்கு 97 விழுக்காடு வாய்ப்பு. மேலே இருந்தால் கசிவு உண்டு என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கம் அதன் கணிப்பு மிகப் பலவீனம். அதாவது இந்த எண்ணின் பயன் முழுவதும் நோயாளியை நம்பிக்கையோடு வீட்டுக்கு அனுப்புவதில்தான் இருக்கிறது.

எதிர்வினை மந்தமான ஒருவருக்கு அந்த நம்பிக்கை பொருந்துமா என்பதில்தான் என் கவலை. கடுமையான தொற்று வந்த முதியோரில் 20 முதல் 30 விழுக்காட்டினருக்குக் காய்ச்சல் சரியாக வெளிப்படுவதில்லை என்பது முதியோர் மருத்துவத்தில் நெடுநாள் அறிந்தது. வயிற்றுக்குள் சீழ் கட்டியிருக்கும்போதும் வயிறு இறுகாமல் இருக்கலாம். முதல் அறிகுறியாகப் பேச்சில் தடுமாற்றமும் இரவில் குழப்பமும் மட்டுமே தெரியலாம். கோபன்ஹேகனின் நலமான முதியவர்களுக்குக் காய்ச்சல் நீண்டது; மருத்துவமனையில் நலிந்த முதியவருக்குச் சில வேளை காய்ச்சலே வருவதில்லை. இரண்டும் உண்மை என்றால், ஒரே எல்லையை எல்லா வயதுக்கும் வைப்பது பாதுகாப்பானது என்று எளிதில் சொல்லிவிட முடியாது. கல்லீரல் இளைத்தவரிடம் இது இன்னும் சிக்கலாகும், ஏனெனில் அந்தப் புரதத்தைச் சுரப்பதே கல்லீரல்.

தணிப்பது நன்மையா?

அழற்சியைக் குறைத்தால் சிக்கலும் புற்று மீள்வதும் குறையுமா? மாசசூசெட்ஸின் ராபர்ட் வெய்ன்பெர்க் குழு 2018இல் எலிகளிடம் காட்டியது அச்சமூட்டுவது. உடலில் வேறெங்கோ செய்த அறுவைக் காயமே, அடங்கிக் கிடந்த புற்றணுக்களை வளரவிட்டது; அழற்சி தணிக்கும் மெலாக்ஸிகாம் அதைக் குறைத்தது. மனிதரிடம் அந்த நம்பிக்கை இதுவரை முழுதாக நிறைவேறவில்லை. மார்பகப் புற்று அறுவையில் அழற்சி தணிக்கும் கீட்டோரலாக் ஊசி பயன் தரவில்லை என்று 2019இல் ஒரு சோதனை முடிந்தது. அதே ஆண்டு, 2,108 பெண்களிடம் நடந்த பெரிய சோதனையில், பகுதி மரப்பு முறைக்கும் வழக்கமான பொது மயக்கத்துக்கும் புற்று மீள்வதில் வேறுபாடு இல்லை. மாறாக மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே குழு 2023இல், கட்டியை எடுப்பதற்குச் சற்றுமுன் அதைச் சுற்றி லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்தைச் செலுத்தியபோது ஐந்தாண்டு உயிர்வாழ்வு 86.4 விழுக்காட்டிலிருந்து 90.1 ஆக உயர்ந்ததாக அறிவித்தது. அதன் செயல்வழி அழற்சியா, கட்டியணுக்களின் மீதான நேரடி விளைவா என்பது வேறு விவாதம்.

முதியோரைப் பொறுத்தவரை மருந்தைவிட முன்னேற்பாடு நம்பிக்கை தருகிறது. டென்மார்க்கின் ஹென்ரிக் கேலெட் 1990களில் தொடங்கிவைத்த முறை, நல்ல வலிநிவாரணம், அன்றே எழுந்து நடப்பது, சீக்கிரம் உண்பது என்று தூண்டுதலையே குறைக்க முயல்கிறது. அறுவைக்கு முந்தைய வாரங்களில் உடற்பயிற்சி, புரத உணவு, மனத்துணை ஆகியவற்றைச் சேர்த்து அளித்த ஐரோப்பியச் சோதனையில் கடுமையான சிக்கல்கள் 29.7 விழுக்காட்டிலிருந்து 17.1 ஆகக் குறைந்தன. அந்தச் சோதனை 2023இல் வெளியானது. உடலின் வலுவைக் கூட்டியதால் வந்த பயன் எவ்வளவு, அழற்சி தணிந்ததால் வந்தது எவ்வளவு என்று அதிலிருந்து பிரிக்க முடியாது.

இன்னும் தீராதவை

இன்றைய நிலையில் இவ்வளவு சொல்லலாம். அறுவைக்குப் பின் அழற்சியின் உச்சத்தை முடிவு செய்வதில் வயதைவிடத் திசுச் சேதத்தின் அளவு பெரும்பங்கு வகிப்பதாகத் தெரிகிறது. வயது கைவைக்கும் இடங்கள் தொடக்கத்தில் உள்ள அடிப்படை நிலையும், முடிவில் உள்ள அடங்கும் வேகமும், இடையில் எதிர்ப்பணுக்களின் துல்லியமும். மூன்றாவதைச் சி.ஆர்.பி. அளப்பதே இல்லை.

முடிவில் உள்ளதை அறிய, முதல் மூன்று நாளோடு நிற்காமல் இரண்டு, நான்கு வாரங்கள் வரை தொடர்ந்து அளக்க வேண்டும். அப்படிச் செய்த ஆய்வுகள் சொற்பம். அமெரிக்காவில் புற்றுநோயாளிகளில் 63 விழுக்காட்டினர் 65 வயது கடந்தவர்களாக இருந்தபோது, சோதனைகளில் பங்கேற்றோரில் அவர்கள் 25 விழுக்காடுதான் என்று 1999இல் ஒரு கணக்கெடுப்பு காட்டியது. நலிந்தோரை விலக்கும் பழக்கம் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. பி38 தடுப்பு மாத்திரை கொப்புளத்தில் செய்ததை வயிற்று அறுவைக்குப் பின்னும் செய்யுமா, செய்தால் தொற்றுக்கு வழிவிடுமா என்பது திறந்த கேள்வி.

இந்தியாவுக்கு இன்னொரு கேள்வி சேர்கிறது. இங்கே பெருங்குடல் புற்று மேலைநாடுகளைவிட இளம் வயதினரிடம் கணிசமாகக் காணப்படுகிறது. ஊட்டக்குறை, சர்க்கரை நோய், பழைய காசநோய் எல்லாம் ஒரே உடலில் கூடிவரலாம். கிளாஸ்கோவில் எழுபத்தைந்து வயது காட்டும் நலிவை இங்கே அறுபதே காட்டலாம். மேலே சொன்ன 172, 124, 144 என்ற எல்லைகள் பெரும்பாலும் ஐரோப்பிய நோயாளிகளிடமிருந்து வந்தவை. சென்னையிலோ மதுரையிலோ அறுபது வயது நோயாளியை நான்காம் நாளில் வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்க அவை எவ்வளவு பொருந்தும் என்பதை, வயதையும் பிடிவலுவையும் எடை இழப்பையும் சி.ஆர்.பி.யோடு சேர்த்துப் பதிந்த உள்ளூர்த் தரவுகளைக் கொண்டுதான் சோதித்தறிய முடியும்.